அனஸ்தீசியா பிஜி சீட்: சாய்ஸ் ஃபில்லிங்குக்கு முன்னாடி எத எல்லாம் பாக்கணும்

நீட் பிஜி ரிசல்ட் வந்த மறுநாளே ஆரம்பிச்சிருவாங்க, "அண்ணா என் ரேங்குக்கு அனஸ்தீசியா எங்க கிடைக்கும்?"னு. எங்க கிடைக்கும்ங்கறதுக்கு நான் தேவையே இல்ல, போன வருஷ அலாட்மென்ட் லிஸ்ட் எம்சிசி (ஆல் இந்தியா கவுன்சிலிங் நடத்தற மத்திய கமிட்டி) வெப்சைட்லயும் தமிழ்நாடு செலக்ஷன் கமிட்டி வெப்சைட்லயும் பிடிஎஃப்பா கிடக்கு, உக்காந்து ஒரு சாயங்காலம் பாத்தீங்கன்னா உங்க ரேங்குக்கு நாலஞ்சு இடம் தேறும். கவுன்சிலிங்குக்கு குடுக்கற சாய்ஸ் லிஸ்ட்ல அந்த நாலஞ்சுல எத மேல போடறது எத கீழ போடறதுங்கறதுதான் யாரும் ஒழுங்கா சொல்லித் தராத விஷயம். பெரும்பாலும் ஊர் பேரு, காலேஜ் பேரு, வீட்டுக்கு பக்கமா இல்லையா, இத வச்சே லிஸ்ட் போட்டு லாக் பண்ணிடறாங்க, அப்புறம் மூணு வருஷம் புலம்பறாங்க.

என் கணக்கு ரொம்ப சிம்பிள். ராத்திரி ரெண்டு மணிக்கு எமர்ஜென்சி தியேட்டர்ல நீங்க லாரிங்கோஸ்கோப் (மூச்சுக்குழாய்ல ட்யூப் போட தொண்டைய பாக்கற கருவி) புடிக்கறப்ப, முதல்ல அந்த ஸ்கோப்ப உங்க கைல குடுப்பாங்களா, ரெண்டாவது அப்போ பக்கத்துல யாரு நிப்பாங்க. இந்த ரெண்டுக்கும் நல்ல பதில் இருக்கற இடம் மேல, ஒண்ணுக்கு மட்டும் இருக்கற இடம் அடுத்து, ரெண்டுக்கும் இல்லாத இடம் எவ்ளோ பெரிய பேரா இருந்தாலும் கீழ. மத்த எல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

முதல்ல என்னென்ன ரூட் இருக்குன்னு சீக்கிரமா பாத்துடுவோம், இதுல ரொம்ப நேரம் செலவழிக்க வேண்டாம். எம்டி மூணு வருஷம், கவர்மென்ட் காலேஜ்ல பாதி சீட் ஆல் இந்தியா கோட்டாவுக்கு போகும், மிச்சம் ஸ்டேட். பிரைவேட், டீம்டு யூனிவர்சிட்டின்னா படிப்பு ஒரு பக்கம், ஃபீஸ் இன்னொரு பக்கம், வருஷத்துக்கு லட்சக்கணக்குல போகும். டிஎன்பின்னா ஆஸ்பத்திரிகள்ல படிக்கற மூணு வருஷ கோர்ஸ், என்பிஇஎம்எஸ்ங்கற தேசிய தேர்வு வாரியம் நடத்தறது, எம்டிக்கு சமம்னு அங்கீகாரம் இருக்கு. டிஏங்கற ரெண்டு வருஷ டிப்ளமோ காலேஜ்கள்ல பெரும்பாலும் எம்டி சீட்டா மாறிடுச்சு, ஆனா 2020ல இருந்து என்பிஇஎம்எஸ் தனியா ரெண்டு வருஷ டிப்ளமோ ஆரம்பிச்சிருக்கு. அப்புறம் எய்ம்ஸ், ஜிப்மர், பிஜிஐ மாதிரி இடங்களுக்கு ஐஎன்ஐ-செட்னு தனி எக்ஸாம், வருஷத்துக்கு ரெண்டு தடவ. டிஎன்பின்னா ஏதோ மட்டம்னு நம்ம ஊர்ல ஒரு நினைப்பு இருக்கு பாருங்க, அனஸ்தீசியாவுல அது சுத்தமா செல்லாது, ஏன்னு கீழ சொல்றேன்.

இப்ப கேஸ் விஷயத்துக்கு வருவோம், இதுதான் பெரிய விஷயம்.

எல்லா காலேஜும் "எங்ககிட்ட கேஸ் லோடு ஜாஸ்தி"ன்னு சொல்லும். பொய்யும் இல்ல. ஆனா எந்த கேஸ்? ஃபைனல் இயர் கோ-பிஜி ஒருத்தர்கிட்ட அவரோட லாக்புக்க காட்ட சொல்லுங்க, தயங்காம கேளுங்க, காட்டுவாங்க. பக்கத்த புரட்டுங்க. எல்எஸ்சிஎஸ் (சிசேரியன்) ஸ்பைனல் (முதுகுல ஊசி போட்டு கீழ்பாதிய மரக்க வைக்கறது), எல்எஸ்சிஎஸ் ஸ்பைனல், ஹெர்னியா ஸ்பைனல், அப்பெண்டிக்ஸ் ஸ்பைனல், திரும்ப எல்எஸ்சிஎஸ். பத்து பக்கத்துக்கு இப்படியே போச்சுன்னா அவரு ஸ்பைனல் போடறதுல சூரனா இருப்பாரு, கண்ண மூடிட்டு போடுவாரு, ஆனா 3 கிலோ குழந்தைக்கு ட்யூப் போட்டிருப்பாரா, ஒரு பக்க நுரையீரல மட்டும் வென்டிலேட் பண்ற டபுள் லூமன் ட்யூப்ப வச்சிருப்பாரா, பிரசவ வலிய குறைக்கற லேபர் எபிடியூரல் எத்தன போட்டிருப்பாரு, இதெல்லாம் அந்த பக்கங்கள்ல இருக்கணும். சீமாங்க் சென்டர் (அவசர பிரசவ, பச்சிளங்குழந்தை பிரிவு) இருக்கற ஆஸ்பத்திரிகள்ல ராத்திரி பூரா சிசேரியன் ஓடிட்டே இருக்கும், அது நல்ல டிரெயினிங்தான், ரத்தம் கொட்டுற கேஸ் ஒண்ண சமாளிச்சீங்கன்னா அதுல கத்துக்கறத எந்த புக்கும் தராது. ஆனா அது மட்டுமே மூணு வருஷம்னா பத்தாது.

கேஸ் வகைகள் எங்கிருந்து வருதுன்னா, அந்த ஊர்ல என்ன சர்ஜரி டிபார்ட்மென்ட் பலமா இருக்குங்கறதுல இருந்துதான் வருது. அனஸ்தீசியா டிபார்ட்மென்ட்ட மட்டும் விசாரிச்சிட்டு வந்துடறாங்க, தப்பு, சர்ஜன் யாருன்னு விசாரிக்கணும். எம்எம்சில (மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்) சேந்தா எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியும் ஐஓஜிங்கற பிரசவ ஆஸ்பத்திரியும் அதோட சேந்தது, அதனால பிறந்து ரெண்டு நாள் ஆன குழந்தையோட உணவுக்குழாய் சர்ஜரில இருந்து பிரீ-எக்லாம்ப்சியா அம்மா வரைக்கும் பாக்க வாய்ப்பு இருக்கு. ஸ்டான்லில கை அறுவை சிகிச்சைக்கும் பிளாஸ்டிக் சர்ஜரிக்கும் ரொம்ப வருஷ பேரு, லிவர் டிரான்ஸ்பிளான்ட்டும் பண்ணின கவர்மென்ட் ஆஸ்பத்திரி, கூடவே ஆர்எஸ்ஆர்எம் பிரசவ ஆஸ்பத்திரி. கீழ்ப்பாக்கம்னாலே தீக்காய வார்டுதான் ஞாபகம் வரும்.

அந்த தீக்காய கேஸ கொஞ்சம் நிறுத்தி சொல்றேன், ஏன்னா கேஸ் வகைங்கறதோட அர்த்தம் இதுல நல்லா புரியும். தீக்காயம் ஆறி மாசக்கணக்கு ஆனப்புறம் கழுத்துத் தோல் சுருங்கி தாடை நெஞ்சோட ஒட்டிக்கிட்டு ஒரு பேஷண்ட் வருவாங்க, கழுத்த பின்னாடி சாய்க்க முடியாது, வாய் ரெண்டு விரல் அளவு கூட திறக்காது. வழக்கம்போல மருந்து குடுத்து மயக்கிட்டு ஸ்கோப்ப உள்ள விடலாம்னு போனீங்கன்னா மூச்சும் நின்னிருக்கும் ட்யூபும் போகாது, மாஸ்க்கும் முகத்துல சரியா உக்காராது, கழுத்துல வெட்டி ட்ரக்கியாஸ்டமி பண்ணலாம்னா அந்த கழுத்தே காணோம். அதனால பேஷண்ட் முழிச்சிருக்கறப்பவே மூக்குல ஜெல்லி, தொண்டைக்கு லிக்னோகைன் ஸ்ப்ரே, "அம்மா இதோ ஆயிடும், நல்லா மூச்ச இழுங்க"ன்னு பேசிக்கிட்டே ஃபைபர் ஆப்டிக் ஸ்கோப்ப மெதுவா ஓட்டி, குரல்வளை தெரிஞ்சு, மூச்சுக்குழாயோட வளையங்கள் கண்ணுல பட்டதும் அது மேல ட்யூப்ப வழுக்கி விடணும். இத நாலு தடவ பாத்து, நாலு தடவ சீனியர் கைய புடிச்சு செஞ்சு, அப்புறம் தனியா செஞ்சவங்களுக்கும் புக்ல மட்டும் படிச்சவங்களுக்கும் வித்தியாசம் பிராக்டிகல் எக்ஸாம்ல தெரியாது. ஏதோ ஒரு தாலுகா ஆஸ்பத்திரில தனியா நிக்கறப்ப தெரியும்.

இதே மாதிரிதான் பிளாக் (கை காலுக்கு போற நரம்ப மட்டும் மரக்க வைக்கறது) விஷயமும். ரீஜனல் அனஸ்தீசியா கத்துக்கணும்னு ஆசை இருந்தா எலும்பு சர்ஜரியும் ட்ராமாவும் ஜாஸ்தி இருக்கற இடமா பாருங்க. கோயம்புத்தூர் கங்கா ஆஸ்பத்திரி இதுக்கு நல்ல உதாரணம், ஆர்த்தோவுக்கும் பிளாஸ்டிக் சர்ஜரிக்கும் ஊரறிஞ்ச பேரு, கை காலுக்கு அவ்ளோ சர்ஜரி நடக்கற இடத்துல பிளாக்குக்கு பஞ்சமே வராது. 1978ல அந்த ஆஸ்பத்திரிய ஆரம்பிச்ச டாக்டர் ஜே.ஜி. சண்முகநாதன் ஒரு அனஸ்தடிஸ்ட், "மயக்க டாக்டருக்கு ஏதுங்க ஆஸ்பத்திரி"ன்னு கேக்கற சொந்தக்காரங்களுக்கு இத சொல்லி வைங்க. டிஎன்பி மட்டம்னு சொல்றவங்களுக்கு என் பதிலும் இதுதான், ஒரு துறைல நல்ல சர்ஜன்கள், நல்ல மெஷின், பகல்ல கன்சல்டன்ட் ஒவ்வொரு டேபிள்லயும் நிக்கறது, இது மூணும் இருக்கற டிஎன்பி ஆஸ்பத்திரி, கன்சல்டன்ட்டே எட்டிப் பாக்காத எம்டி காலேஜ விட எவ்வளவோ மேல்.

ஆனா கார்ப்பரேட் ஆஸ்பத்திரி டிஎன்பில எதிர்ப்பக்க சிக்கல் ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லணும். அங்க பேஷண்ட் காசு கட்டி வர்றவரு, பெரிய டாக்டர்தான் பண்ணனும்னு எதிர்பார்ப்பாரு. கார்டியாக் கேஸ் தினம் ரெண்டு மூணு நடக்கும், நீங்க இன்ஃப்யூஷன் பம்ப்ப செட் பண்ணிட்டு சார்ட் எழுதிட்டு நிப்பீங்க, சென்ட்ரல் லைன் கன்சல்டன்ட் போடுவாரு, ட்யூப் சீனியர் போடுவாரு. அதனால அங்க இருக்கறவங்ககிட்ட "என்ன கேஸ் நடக்குது"ன்னு கேக்காதீங்க, "ஃபர்ஸ்ட் இயர்ல நீ என்ன கேஸ் கையால பண்ண"ன்னு கேளுங்க. பதில் வர்றதுக்குள்ள அவங்க மூஞ்சிலயே பாதி தெரிஞ்சிரும்.

சூப்பர்விஷன் பத்தி. கவர்மென்ட் சைடுல கை நிறைய கேஸ், ஆனா ராத்திரி டியூட்டி ஏபி (அசிஸ்டன்ட் ப்ரொஃபசர்) ஒருத்தர் மூணு தியேட்டருக்கும் சேத்து இருப்பாரு, சில இடத்துல போன்ல இருப்பாரு. சேந்து மூணாவது மாசமே ஃபர்ஸ்ட் இயர் தனியா ஸ்பைனல் போட்டு கேஸ் ஓட்டறத பெருமையா சொல்ற ஆளுங்க இருக்காங்க, "எங்க காலேஜ்ல எல்லாம் நாங்களே பண்ணுவோம்டா"ன்னு. கேக்க நல்லாத்தான் இருக்கும். ஸ்பைனல் மருந்து நெஞ்சு வரைக்கும் மேல ஏறி பிரஷர் 60க்கு போய் பேஷண்ட் "மூச்சு விட முடியலைங்க"ன்னு சொல்றப்ப அட்ரினலின உடைக்கறதா, ட்யூப் போடறதா, கால தூக்கறதான்னு தலைக்குள்ள எல்லாம் ஒண்ணா ஓடும், அப்போ அஞ்சு நிமிஷத்துல வந்து நிக்கற சீனியர் இருக்கற இடத்துலதான் நீங்க ஒழுங்கான பழக்கத்த கத்துப்பீங்க. யாரும் வராத இடத்துலயும் கத்துப்பீங்க, ஆனா தப்பான பழக்கமும் சேந்தே வரும், அத திருத்த ஆளும் இருக்காது, பத்து வருஷம் கழிச்சும் அதே தப்பு தன்னோட ஸ்டைல்னு நினைச்சிட்டு சுத்துவீங்க. அதனால கேக்க வேண்டிய கேள்வி: ராத்திரி டியூட்டில எத்தன டேபிள் ஓடும், எத்தன சீனியர் உள்ள இருப்பாங்க, கூப்ட்டா வர எவ்ளோ நேரம் ஆகும், கூப்ட்டா திட்டுவாங்களா. கடைசி கேள்விய விட்டுடாதீங்க, திட்டு விழும்னு பயந்து கூப்பிடாம விட்ட கேஸ்லதான் பெரும்பாலான பிரச்சனை ஆரம்பிக்குது.

ஒரு தடவையாவது நேர்ல போய் பாருங்க. சிஆர்ஆர்ஐ (இன்டர்ன்ஷிப்) முடிச்சிட்டு சும்மாதான இருக்கீங்க, பஸ் ஏறி போங்க. தெரிஞ்ச சீனியர் யாராவது இருந்தா தியேட்டர் டிரஸ் மாத்திட்டு ஒரு காலைப் பொழுது உள்ள நின்னீங்கன்னா பிராஸ்பெக்டஸ்ல இல்லாததெல்லாம் தெரியும். மானிட்டர்ல, மூச்சுல வர்ற கார்பன் டை ஆக்சைட காட்டற கேப்னோகிராஃப் கோடு ஓடுதா, இல்ல அந்த இடம் காலியா இருக்கா, எல்லா டேபிள்லயும் இருக்கா இல்ல ஒரே ஒரு மாட்யூல தியேட்டர் தியேட்டரா தூக்கிட்டு ஓடறாங்களா. ட்யூப் போட கஷ்டமான கேஸுக்கு வைக்கற டிஃபிகல்ட் ஏர்வே ட்ராலி எங்கன்னு நர்ஸ் அக்காகிட்ட கேளுங்க, அவங்க யோசிச்சாங்கன்னா விஷயம் முடிஞ்சது. வீடியோ லாரிங்கோஸ்கோப் இருக்கா, சார்ஜ் போட்டு வச்சிருக்காங்களா. அல்ட்ராசவுண்ட் மெஷின் பல இடத்துல இருக்கும், ஆனா எச்ஓடி ரூம்ல கவர் போட்டு, சாவி எச்ஓடிகிட்ட, எச்ஓடி மீட்டிங்ல. இன்ஸ்பெக்ஷன் அன்னிக்கு மட்டும் வெளிய வர்ற மெஷினால உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. காலைல முதல் கேஸுக்கு முன்னாடி யாராவது மெஷின் செக் பண்றாங்களா, சக்ஷன் போட்டு பாக்கறாங்களான்னும் கவனிங்க, அந்த டிபார்ட்மென்ட்டோட குணம் அந்த அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிரும்.

ஐசியூ யார் கைல இருக்குன்னு கேளுங்க. சில இடத்துல ஐசியூவ அனஸ்தீசியாதான் ஓட்டும், சில இடத்துல மெடிசின் இல்ல தனி கிரிட்டிகல் கேர் டிபார்ட்மென்ட், அங்க உங்க போஸ்டிங் பேருக்கு இருக்கும், வென்டிலேட்டர் செட்டிங்க தொட்டா முறைப்பாங்க. பின்னாடி கிரிட்டிகல் கேர் போகணும்னு யோசிக்கறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம், மத்தவங்களுக்கும் முக்கியம்தான், ஏன்னா ஒரு செப்சிஸ் (உடம்பு பூரா பாதிக்கற கடுமையான கிருமித் தொற்று) பேஷண்ட்ட மூணு நாள் ஐசியூல பாத்தவங்களுக்குத்தான் அவர தியேட்டருக்குள்ள எப்படி கொண்டு போகணும்னு தெரியும். மாவட்ட ஊர் காலேஜ்களுக்கு இங்க ஒரு பிளஸ் உண்டு, பூச்சி மருந்து குடிச்சவங்க, பாம்பு கடி, ஹைவே ஆக்சிடென்ட் எல்லாம் அங்கதான் குவியும். மதுரை, சேலம், திருநெல்வேலி, தஞ்சாவூர்னு சொன்னா "சென்னை கிடைக்கலையா"ன்னு இழுக்கறாங்க, ட்ராமாவும் எமர்ஜென்சியும் ஐசியூவும் கத்துக்க இந்த ஊர்களுக்கு என்ன குறைச்சல்னு எனக்கு புரியல.

இல்லாத துறைக்கு வெளி போஸ்டிங் அனுப்புவாங்களான்னு கேட்டுக்கோங்க. கார்டியாக் இல்லாத காலேஜ்னா வேற இடத்துக்கு அனுப்பணும், நிஜமாவே அனுப்பறாங்களா இல்ல ஆளு இல்லன்னு இங்கயே நிறுத்தி வச்சுக்கறாங்களா. பிஜி கம்மியா இருக்கற டிபார்ட்மென்ட்ல இரண்டாவதுதான் நடக்கும், அதனால பேட்ச்சுக்கு எத்தன பேருங்கறதும் பாக்கணும், வருஷத்துக்கு ரெண்டு பேருன்னா டியூட்டி முதுக உடைக்கும், இருவது பேருன்னா நல்ல கேஸுக்கு கியூல நிக்கணும். மூணு வருஷத்துல மூணு மாசம் டிஆர்பின்னு மாவட்ட ஆஸ்பத்திரி போஸ்டிங் எல்லாருக்கும் கட்டாயம், அத சும்மா டைம் பாஸ்னு நினைக்காம போனா தனியா முடிவெடுக்கற பயிற்சி அங்க கிடைக்கும்.

படிப்பு: வாரத்துக்கு எத்தன கிளாஸ்னு பேப்பர்ல எல்லாரும் எழுதி வச்சிருப்பாங்க. போன வாரம் என்ன செமினார் நடந்துச்சு, யாரு எடுத்தா, எந்த ப்ரொஃபசர் உக்காந்து கேட்டாருன்னு ஃபர்ஸ்ட் இயர்கிட்ட கேளுங்க. தீசிஸ் கைடு ஒத்துழைப்பாரா, டாபிக்க அவரே திணிப்பாரா, இதுவும். டிஎன்பில ஃபைனல் பிராக்டிகல் வேற சென்டர்ல, தெரியாத எக்ஸாமினர் முன்னாடி நடக்கும், அதனால அங்க சேர்றவங்க கடைசியா போன ரெண்டு மூணு பேட்ச்ல எத்தன பேர் முதல் தடவையே பாஸ் பண்ணாங்கன்னு விசாரிச்சே ஆகணும்.

பின்னாடி டிஎம் (சூப்பர் ஸ்பெஷாலிட்டி கோர்ஸ்) கார்டியாக் அனஸ்தீசியாவோ நியூரோ அனஸ்தீசியாவோ போற ஐடியா இருந்தா திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா, பெங்களூர் நிம்ஹான்ஸ் மாதிரி இடங்கள் இருக்கு, அதெல்லாம் எம்டி, டிஎன்பி முடிச்சப்புறம் தனி எக்ஸாம். இப்பவே சூப்பர் ஸ்பெஷாலிட்டிக்கு ஏத்த மாதிரி காலேஜ் தேடறேன்னு குழப்பிக்காதீங்க, அடிப்படை அகலமா இருக்கற இடத்துல மூணு வருஷம் இருங்க. எத்தனையோ பேர் கார்டியாக்னு சொல்லிட்டு வந்து பெயின் கிளினிக் வச்சிருக்காங்க.

காசு, லீவு, பாண்ட். 2023ல வந்த என்எம்சி (தேசிய மருத்துவ ஆணையம்) ரெகுலேஷன்படி வாரத்துக்கு ஒரு நாள் ஆஃப், வருஷத்துக்கு 20 நாள் கேஷுவல் லீவு. எழுத்துல இருக்கறதுக்கும் டியூட்டி ரோஸ்டர்ல இருக்கறதுக்கும் எவ்ளோ தூரம்ங்கறத அங்க படிக்கறவங்கதான் சொல்லணும். சில பிரைவேட் காலேஜ்ல ஸ்டைபண்ட் பேப்பர்ல ஒரு தொகை, கைக்கு வர்றது இன்னொரு தொகை, வந்தத திருப்பி கட்ட சொல்ற கதையும் உண்டு, நேரடியா பேங்க் அக்கவுண்ட்ல வருதான்னு கேளுங்க. கவர்மென்ட் சீட்ல பாண்ட் (படிச்சு முடிச்சப்புறம் கவர்மென்ட்ல வேலை பாக்கற ஒப்பந்தம்) எத்தன வருஷம், எவ்ளோ தொகை, ஒரிஜினல் சர்டிபிகேட் எப்ப திருப்பி தருவாங்க, இதெல்லாம் அடிக்கடி மாறுது, போன வருஷ சீனியர் சொன்னத நம்பாம இந்த வருஷ பிராஸ்பெக்டஸ படிங்க. ரிசர்வேஷன் ரூலும் அப்படித்தான், கவர்மென்ட் சர்வீஸ்ல இருக்கற டாக்டர்களுக்கு மாநிலங்கள் கோட்டா குடுக்கலாம்னு 2020 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு, பிஜி சீட்டுல இருப்பிட அடிப்படைல ஒதுக்கீடு கூடாதுன்னு 2025 ஜனவரில சொல்லுச்சு, ஒவ்வொரு தடவையும் பழைய கட்-ஆஃப வச்சு கணக்கு போட்டா உதைக்கும்.

பொண்ணுங்க தனியா ஒண்ணு விசாரிச்சுக்கோங்க, டியூட்டி ரூம் தனியா இருக்கா, உள்ள இருந்து தாழ்ப்பாள் போட முடியுமா, தியேட்டர்ல இருந்து ஹாஸ்டலுக்கு ராத்திரி எப்படி போறாங்க. மெட்டர்னிட்டி லீவு எடுத்தவங்கள எப்படி நடத்துனாங்கன்னும் கேளுங்க. சும்மா கேக்கற கேள்வி இல்ல இது, மூணு வருஷம் அங்கதான் வாழப் போறீங்க.

யார்கிட்ட கேக்கணும்ங்கறதும் முக்கியம். ஃபைனல் இயர் எக்ஸாம் டென்ஷன்ல இருப்பாங்க, எல்லாமே மோசம்னு சொல்வாங்க. பாஸாகி போனவங்களுக்கு எல்லாமே இனிப்பா தெரியும். செகண்ட் இயர்தான் சரியான ஆளு, பயம் போயிருக்கும், கசப்பு இன்னும் முழுசா ஏறியிருக்காது. ஒருத்தர் இல்ல, ரெண்டு மூணு பேர்கிட்ட தனித்தனியா கேளுங்க, "உன் தங்கச்சிய இங்க சேப்பியா?"ன்னு கேட்டா நீட்டி முழக்காம பதில் வந்துரும்.

கடைசியா சாய்ஸ் ஃபில்லிங். கிடைக்குமா கிடைக்காதான்னு யோசிச்சு வரிசை போடாதீங்க, உங்களுக்கு எது வேணுமோ அந்த வரிசைல போடுங்க, சிஸ்டம் மேல இருந்துதான் பாத்துட்டு வரும், எட்டாத சீட்ட மேல போட்டா ஒண்ணும் நஷ்டம் இல்ல. சேர மாட்டேன்னு தெரிஞ்ச இடத்த லிஸ்ட்லயே வைக்காதீங்க, அப்பா சொன்னாருன்னு வச்சு அது அலாட் ஆகி தலைவலி ஆன ஆளுங்க நிறைய. எம்சிசில முதல் ரவுண்டுல வந்த சீட்டுல சேரலன்னா டெபாசிட் போகாது, ரெண்டாவது ரவுண்டுல சேரலன்னா போகும், டீம்டுக்கு அந்த டெபாசிட்டே 2 லட்சம். மூணாவது ரவுண்டுல வாங்கி சேந்துட்டீங்கன்னா வெளிய வர வழி இல்ல. ஆல் இந்தியாவும் டிஎன்பியும் எம்சிசி கவுன்சிலிங்லயே வரும், ஸ்டேட் கவுன்சிலிங் தனியா பக்கத்து பக்கத்து தேதில ஓடும், அதனால ஒரு பேப்பர்ல ரெண்டு லிஸ்ட்டையும் சேத்து ஒரே வரிசையா எழுதி வச்சுக்கோங்க, இந்த டிஎன்பி வந்தா அந்த ஸ்டேட் சீட்ட விடலாமா வேண்டாமான்னு அலாட்மென்ட் வர்ற ராத்திரி தூக்கக் கலக்கத்துல யோசிக்க முடியாது. லாக் பண்ண கடைசி மணி நேரம் வரைக்கும் காத்திருக்காதீங்க, சர்வர் தொங்கும். லாக் பண்ணினதும் பிரிண்ட் எடுத்து வைங்க, எம்பிபிஎஸ் சர்டிபிகேட், இன்டர்ன்ஷிப் கம்ப்ளீஷன், கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன், கம்யூனிட்டி சர்டிபிகேட் எல்லாம் ஒரு ஃபைல்ல ரெடியா இருக்கட்டும், சேர்றதுக்கு குடுக்கற நாள் கம்மி, அதுல ரெண்டு நாள் லீவா வந்துட்டா ஓட்டம்தான்.